குன்னூரில் ஒரு கம்ப்ரசர் எவ்வளவு மூச்சு வாங்கும்?

கம்ப்ரசரில் ஒட்டியிருக்கும் தகட்டை நம்பி அதை மலைக்கு ஏற்றக் கூடாது. அதில் அச்சிட்டிருப்பது பொய் இல்லை. வேறோர் ஊரின் காற்றுக்கு எழுதிய எண். கோவை கடல்மட்டத்திலிருந்து 400 மீட்டர் சொச்சம் உயரத்தில் இருக்கிறது. குன்னூர் 1,850 மீட்டர். கல்லாறு தாண்டி உயரம் ஏற ஏறப் பெட்ரோல் வண்டியின் இழுவை குறைகிறதே, அதே காரணத்தால்தான் கோவைக் கடையில் விறுவிறுவென்று டேங்கை நிரப்பிக் காட்டிய கம்ப்ரசர் இங்கே என் தகரக்கூரைப் பட்டறையில் இழுத்துக்கொண்டே ஓடுகிறது.

பழைய மரச்சாமான்களைப் பிரித்துப் பழுது பார்த்து மெருகேற்றிக் கொடுப்பது என் வேலை. எஸ்டேட் பங்களாக்களிலிருந்து வரும் தேக்கு அலமாரி, ஈட்டி மர மேசை, எவரோ பச்சை எனாமல் பூசிப் பாழாக்கிய சாய்வு நாற்காலி என்று ஏதாவது ஒன்று எப்போதும் பட்டறையில் கிடக்கும். இதற்கு வைத்திருந்தது 1 ஹெச்பி மோட்டார், இரட்டை சிலிண்டர் பம்பு, 45 லிட்டர் டேங்க் கொண்ட சின்ன கம்ப்ரசர். பின் அடிக்கவும், தூசி ஊதவும், டயருக்குக் காற்று பிடிக்கவும் அது தாராளம். ஸ்பிரே கன்னைக் கையில் எடுத்தால்தான் வம்பு. அலமாரிக் கதவின் மேல்பாதி கண்ணாடி போல வரும். கீழ்பாதிக்கு இறங்கும்போது அழுத்தம் விழுந்து, பூச்சு மருந்து பொடியாகாமல் துளித்துளியாக விழுந்து, காய்ந்த பிறகு பரப்பு முழுக்கப் புள்ளி புள்ளியாக நிற்கும். பெயிண்டர்கள் இதை ஆரஞ்சு பீல் என்பார்கள். அதைத் தேய்த்து எடுத்து மறுபடி அடிப்பது, முதலில் அடித்ததைவிட இரண்டு மடங்கு வேலை.

இதைச் சொன்னால் கேட்பவர் எவரும் கொடுக்கிற யோசனை ஒன்றுதான்: பெரிய டேங்க் வாங்கி மாட்டு. இந்த யோசனை எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. கூடையைப் பெரிதாக்கினால் தேயிலை கூடுதலாகப் பறிபட்டுவிடாது. பறிக்கிற கை அதே கைதான். டேங்க் என்பது கூடை. காற்றைப் பறித்துப் போடுவது பம்பு.

கணக்காகவே பார்க்கலாம். 45 லிட்டர் டேங்க் 8 பார் அழுத்தத்தில் (பார் என்பது காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) நின்று, 4 பார் வரை அதைப் பயன்படுத்துகிறோம் என்றால் கையில் கிடைப்பது, கடல்மட்டக் காற்றின் அளவில், சுமார் 178 லிட்டர். ஆறேகால் கன அடி. சாதாரண ஸ்பிரே கன் நிமிடத்துக்கு 8 கன அடி, அதாவது 8 சிஎஃப்எம் கேட்கும் என்று வைப்போம். என் 1 ஹெச்பி பம்பு இந்த உயரத்தில் உண்மையில் கொடுப்பது 2.7 அளவில்தான் (அது எப்படி என்று கீழே வருகிறது). பற்றாக்குறையை டேங்க் ஈடுகட்ட வேண்டும். ஒன்றேகால் நிமிடத்தில் காலி. 100 லிட்டர் டேங்க் மாட்டினால் மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக ஓடும். ஆனால் திரும்ப நிரம்புவதற்கு முன்னால் இரண்டேகால் நிமிடம் எடுத்தது, இப்போது ஐந்து நிமிடத்துக்கு மேல் எடுக்கும். அவ்வளவு நேரமும் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். சின்ன பிஸ்டன் கம்ப்ரசர்கள் விடாமல் ஓடுவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. ஓடிய நேரத்துக்கு ஏறக்குறைய சமமான ஓய்வு அவற்றுக்கு வேண்டும். பெரிய டேங்க் அந்த ஓய்வைத்தான் முதலில் தின்கிறது.

சரி, தகட்டுக்கு வருவோம். அதில் இருக்கும் சிஎஃப்எம் பெரும்பாலும் பிஸ்டன் துடைத்துச் செல்லும் கொள்ளளவு. சிலிண்டர் குறுக்களவும் ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் ஒருமுறை நகரும் தூரம்) சுழற்சியும் தெரிந்தால் நாமே போட்டுவிடலாம். என் பழைய பம்பில் குறுக்களவு 51 மி.மீ., ஸ்ட்ரோக் 38 மி.மீ., சிலிண்டர் இரண்டு, நிமிடத்துக்கு 900 சுற்று. பெருக்கினால் நிமிடத்துக்கு சுமார் 140 லிட்டர், 4.9 சிஎஃப்எம். தகட்டில் 5 என்று முழுமையாக்கிப் போட்டிருந்தார்கள். பம்பு அமுக்கி வெளியே தள்ளுகிற காற்று இதில் முக்கால் பங்கைத் தொட்டாலே நல்ல பம்பு. அந்த உண்மையான அளவைத்தான் எஃப்ஏடி என்கிறார்கள். கடைக்காரரிடம் கேட்க வேண்டியது இந்த எண்ணை. கேட்டால் சிலர் முகத்தைப் பார்ப்பார்கள். சிலர் உள்ளே போய்ப் புத்தகத்தை எடுத்து வருவார்கள். இரண்டாமவரிடம் வாங்குங்கள்.

ஆக, கீழே 3.5 சிஎஃப்எம். மலைக்கு வந்ததும் என்ன ஆகிறது?

கடல்மட்டத்தில் காற்றின் அழுத்தம் 1.01 பார். குன்னூரில் 0.81 பார். இங்கே ஒரு கன அடிக்குள் இருக்கும் காற்று, கீழே அதே கன அடியில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்கு. குக்கர் இல்லாமல் இங்கே பருப்பு வேகாததற்கும் இதுவே காரணம். தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. பிஸ்டன் ஒவ்வொரு முறை இறங்கும்போதும் அதே கொள்ளளவுதான் நிரம்புகிறது, உள்ளே வந்த சரக்கு குறைவு.

இதோடு விட்டால் இருபது சதவீத நஷ்டம் என்று எழுதி முடித்திருக்கலாம். இன்னொன்றும் இருக்கிறது. கேஜில் முள் 7 பார் காட்டினால், அது வெளிக்காற்றைவிட 7 பார் அதிகம் என்று பொருள். கீழே 1.01லிருந்து 8.01க்கு அமுக்கினால் போதும். ஏறத்தாழ எட்டு மடங்கு. இங்கே 0.81லிருந்து 7.81க்கு அமுக்க வேண்டும். ஒன்பதரை மடங்கைத் தாண்டுகிறது. முள் காட்டுவது ஒன்றே, பம்பு படுகிற பாடு வேறு. பிஸ்டன் உச்சிக்கு வந்த பிறகும் அதற்கும் வால்வு பிளேட்டுக்கும் நடுவே சிறிய இடைவெளி உண்டு. அதில் மாட்டிக்கொண்ட காற்று, பிஸ்டன் இறங்கும்போது முதலில் விரிந்து இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அது விரிந்து அடங்கிய பிறகுதான் புதுக்காற்று உள்ளே நுழைய முடியும். அமுக்கும் மடங்கு கூடக் கூட இந்தத் திருட்டும் கூடும். இடைவெளியைச் சிலிண்டரில் 5 சதவீதம் என்று வைத்துக் கணக்கிட்டால், கீழே 81 சதவீதமாக இருக்கும் உறிஞ்சுதிறன் இங்கே 77 ஆகிறது. இரண்டு நஷ்டத்தையும் சேர்த்தால் கிடைப்பது முக்கால் பங்கு. 3.5 என்பது 2.7 ஆனது இப்படித்தான்.

கருவியாவது தன் பசியைக் குறைத்துக்கொள்கிறதா என்றால், பெயருக்குத்தான். 3 பாரில் ஓடும் ஸ்பிரே கன் கீழே கேட்டதைவிட இங்கே 5 சதவீதம் குறைவாகக் கேட்கும். வரவு கால் பங்கு குறைந்து, செலவு இருபதில் ஒரு பங்கு குறைகிறது. மலையில் கம்ப்ரசர் வைத்திருப்பவர்களின் துயரம் முழுவதும் இந்த ஒரு வரியில் அடங்கிவிடும். ஊட்டிக்குப் போனால் இன்னும் மோசம். கொடைக்கானலும் அதற்கு இளைத்ததல்ல.

உங்கள் கம்ப்ரசர் நிஜமாக எவ்வளவு கொடுக்கிறது என்று அளக்க எந்தக் கருவியும் வேண்டாம், கைப்பேசியின் கடிகாரம் போதும். தண்ணீரை வடித்துவிட்டு ஓடவிடுங்கள். 5 பாரிலிருந்து 7 பாருக்கு ஏற எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள். டேங்க் லிட்டரை 2ஆல் பெருக்கி அந்த நிமிடத்தால் வகுத்தால், கடல்மட்டக் காற்றின் அளவில் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்று வந்துவிடும், அதை 28.3ஆல் வகுத்தால் சிஎஃப்எம். பூஜ்யத்திலிருந்து அளக்காதீர்கள். காலி டேங்கில் எந்தப் பம்பும் வீரன்தான். இன்னொன்று, ஓடி நின்றவுடன் டேங்கில் இருக்கும் காற்று சூடானது. ஆறியதும் முள் தானாகக் கொஞ்சம் இறங்கும். அதைக் கசிவு என்று எண்ணி நட்டுகளை முறுக்கிக்கொண்டிருக்க வேண்டாம்.

உண்மையான கசிவு வேறு. இரவு நிரப்பி சுவிட்சை அணைத்துவிட்டுக் காலையில் பார்த்தால் தெரியும். சோப்புத் தண்ணீர் தடவினால் இடமும் தெரியும். பெரும்பாலும் குற்றவாளி ஹோஸை மாட்டுகிற கப்ளர். அடுத்தது டேங்க் வாயில், காற்றைப் பம்புக்குத் திரும்ப விடாமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வு. மோட்டார் நின்ற பிறகும், டேங்க் நிரம்பியதும் அதை நிறுத்துகிற பிரஷர் சுவிட்சின் அடியிலிருந்து இஸ்ஸென்று காற்று போய்க்கொண்டே இருந்தால் சுவிட்சைக் குறை சொல்லாதீர்கள், அந்த வால்வின் உள்ளே கரித்தூள் உட்கார்ந்திருக்கிறது. கழற்றித் துடைத்தால் போதும்.

ஹோஸ் விஷயத்தில் நம் ஊர்ப் பட்டறைகள் காட்டும் கஞ்சத்தனம் எனக்கு இன்னும் விளங்கவில்லை. பல்லாயிரம் கொடுத்துக் கம்ப்ரசர் வாங்கிவிட்டு, 6 மி.மீ. உள்விட்டமுள்ள சுருள் ஹோஸை மாட்டுகிறார்கள். குழாய்க்குள் ஏற்படும் அழுத்த இழப்பு விட்டத்தின் ஐந்தாம் மடிக்கு நேரெதிராகப் போகிறது. 6 மி.மீ. குழாயை எடுத்துவிட்டு 10 மி.மீ. மாட்டினால், அதே காற்று ஓடும்போது இழப்பு பன்னிரண்டில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். கன்னின் பிடியில் சின்ன கேஜ் ஒன்றை மாட்டி, விசையை அழுத்திப் பிடித்தபடி பாருங்கள். விசையை விட்ட நிலையில் பார்த்தால் எல்லாக் குழாயும் நல்ல குழாய்தான்.

காற்று உள்ளே வரும் பக்கமும் கவனிக்க வேண்டியது. சின்ன கம்ப்ரசர்களின் பில்டர், தீப்பெட்டி அளவு டப்பாவில் கொஞ்சம் பஞ்சு. பட்டறைத் தூசியில் அது அடைந்துபோனால் பம்பு மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடுவதற்குச் சமம். நான் பெரிய பில்டர் ஒன்றை வைத்து, அகலமான குழாயால் சுவருக்கு வெளியே, கூரையின் நிழலுக்குக் கொண்டுபோய்விட்டேன். உள்ளே இழுக்கும் காற்று 3 டிகிரி குளிர்ந்தால் ஒரு சதவீதம் கூடுதல் சரக்கு. பகல் வெயிலில் தகரக்கூரைக்குக் கீழே வேகும் காற்றுக்கும் வெளிக்காற்றுக்கும் இருக்கும் வித்தியாசத்தை இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். குழாயின் வாய் கீழே பார்த்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஐப்பசி மழை உள்ளே போகும். வாயில் வலை கட்டாயம். குளவி மண்கூடு கட்டுவதற்கு இதைவிட வசதியான இடம் மலையில் அதற்குக் கிடைக்காது.

இன்னொரு செலவில்லாத வேலை, கேட்பவர்கள் நம்ப மறுப்பது: பிரஷர் சுவிட்சைக் கீழே இறக்குவது. 8 பாரில் நிற்பதை 6 பாரில் நிற்க வைத்தால் பம்பு அமுக்க வேண்டிய மடங்கு பதினொன்றிலிருந்து எட்டரைக்கு இறங்குகிறது; முன்பு சொன்ன திருட்டு குறைந்து, கடைசிக் கட்டத்தில் ஏழெட்டு சதவீதம் கூடுதலாகக் காற்று வரும், ஹெட்டும் அவ்வளவு சுடாது. டேங்கில் சேமிப்பு குறையும், உண்மைதான். ஆனால் கன்னுக்கு வேண்டியது 3 பார். 8 பாருக்கு ஏற்றி, ரெகுலேட்டரில் 3 பாருக்கு இறக்கி, நடுவில் மின்சாரத்தைச் சூடாக்கி மலைக்குத் தானம் செய்ய வேண்டியதில்லை. சுவிட்சை மேலே ஏற்றி டேங்கின் தகட்டில் எழுதியிருக்கும் எல்லையைத் தாண்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் பட்டறைக்குள் நான் போவதில்லை.

இவையெல்லாம் முடித்த பிறகுதான் பெல்ட் ஓடும் சக்கரமான புல்லியைப் பற்றிப் பேச வேண்டும். மோட்டார் புல்லியைப் பெரிதாக்கினால் பம்பு வேகமாகச் சுற்றும், காற்று கூடும். கீழே இதைச் செய்தால் மோட்டார் அழும். மலையில் ஒரு சலுகை இருக்கிறது. பம்பு உள்ளே இழுப்பது மெலிந்த காற்று என்பதால் ஒவ்வொரு சுற்றுக்கும் அது மோட்டாரிடம் கேட்கும் வேலையும் குறைகிறது. 7 பாருக்கு அமுக்கும் கணக்கில், குன்னூரில் அது கீழே கேட்பதைவிட ஏறக்குறைய 15 சதவீதம் குறைவு. அந்த இடைவெளியைத்தான் புல்லியில் எடுத்துக்கொள்கிறோம். 4 அங்குல மோட்டார் புல்லியை 4½ ஆக்கினால் வேகம் எட்டில் ஒரு பங்கு கூடும். மோட்டார் கீழே இழுத்த அதே பாரத்தைத்தான் இங்கே இழுக்கும்.

கணக்கு சொல்கிறது என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு மாட்டக் கூடாது. கிளாம்ப் மீட்டரை ஒயரில் பூட்டி, டேங்க் நிரம்பப் போகும் கடைசி நேரத்தில் ஆம்பியர் பாருங்கள். மோட்டார் தகட்டில் எழுதியதைத் தாண்டவே கூடாது. பம்பு செய்தவர் சொன்ன உச்ச வேகத்தைத் தாண்டினால் வால்வின் மெல்லிய நாக்குகள் மூடுவதற்குள் அடுத்த அடி வந்துவிடும், காற்று கூடுவதற்குப் பதில் குறையும். மோட்டாருக்கும் மலையில் வேறொரு சிக்கல் உண்டு: மெலிந்த காற்று அதைச் சரியாகக் குளிர்விக்காது. மோட்டார் தரநிலைகள் 1,000 மீட்டர் உயரம், 40 டிகிரி வெப்பம் என்ற எல்லைக்குள்தான் எழுதப்பட்டிருக்கின்றன. நல்ல வேளையாகக் குன்னூரில் 40 டிகிரியை எவரும் பார்த்ததில்லை. குளிர் அந்தக் குறையைச் சரிக்கட்டிவிடுகிறது. பெல்ட்டுக்கு மேல் கூண்டு திரும்ப மாட்டப்பட்டிருக்க வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் கூண்டில்லாத கம்ப்ரசர்களை நிறையப் பார்த்துவிட்டதால் சொல்கிறேன்.

இத்தனையும் செய்தால் 1 ஹெச்பி கம்ப்ரசர் கண்ணியமாக நடந்துகொள்ளும். 8 சிஎஃப்எம் கன்னுக்கு அது எப்போதும் போதாது. அங்கே பம்பை மாற்றுவதைத் தவிர வழியில்லை.

கோவை இதற்கு வசதியான ஊர். பம்புகளும் மோட்டார்களும் பிறந்து வளர்ந்த ஊர். கம்ப்ரசர் செய்யும் எல்ஜி (Elgi) நிறுவனம் 1960இல் தொடங்கியதும் அங்கேதான். புதிது வாங்க வசதியில்லாதவர்களுக்குப் பழைய பம்புகளைப் பிரித்து ரிங்கும் வால்வும் மாற்றித் தருகிற பட்டறைகள் அங்கே உண்டு. அப்படி ஒருவரிடம் 65 மி.மீ. குறுக்களவு, 50 மி.மீ. ஸ்ட்ரோக், இரட்டை சிலிண்டர் பம்பு ஒன்றை எடுத்தேன். 800 சுற்றில் துடைக்கும் கொள்ளளவு 9.4 சிஎஃப்எம், கீழே எஃப்ஏடி 6.7 வாக்கில். 2 ஹெச்பி மோட்டார். "குன்னூருக்கா கொண்டுபோகிறீர்கள்? அப்படியானால் புல்லியை ஒரு அளவு கூட்டியே போட்டுத் தருகிறேன் சார்" என்று அவரே சொன்னார். கணக்குப் புத்தகம் பார்க்காதவர். மலைக்கு அனுப்பி அனுப்பிக் கை பழகியிருக்கிறது. புல்லி உபயத்தில் இங்கே எனக்குக் கிடைப்பது, கடல்மட்ட அளவில், ஐந்தரை சிஎஃப்எம்முக்குப் பக்கம்.

அப்போதும் எட்டு வரவில்லையே என்று கேட்கலாம். மிச்சத்தைக் கன்னில் குறைத்தேன். குறைந்த காற்றில் வேலை செய்யும் எல்விஎல்பி வகைக் கன்கள் கிடைக்கின்றன. 4, 5 சிஎஃப்எம்மில் மெலமைன், பியூ போன்ற மரப்பூச்சுகள் அழகாக விழும். வேகம் கொஞ்சம் குறைவு. வீட்டுப் பட்டறையில் யார் என்னை விரட்டுகிறார்கள்? உண்மையைச் சொன்னால், பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் கம்ப்ரசரைத் தொடாமல் முதலில் கன்னை மாற்றுங்கள் என்பேன்.

இரட்டை நிலைக் கம்ப்ரசர் பற்றியும் யோசித்தேன். முதல் சிலிண்டரில் பாதி அமுக்கி, நடுவில் குளிர்வித்து, இரண்டாவதில் மீதியை அமுக்குவது. ஒன்பதரை மடங்கை ஒரே மூச்சில் தூக்காமல், மூன்று மடங்கும் சொச்சமுமாக இரண்டு முறை தூக்குவதால் மலைக்குப் பொருத்தமானது. குன்னூர் லோகோ ஷெட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் சாய்வு நாற்காலிக்குப் பிரம்பு பின்னக் கொண்டுவந்தபோது இதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "தம்பி, அதைத் தலைகீழாகத் திருப்பினால் எங்கள் எஞ்சின்" என்றார். உண்மைதான். கல்லாற்றுக்கும் குன்னூருக்கும் நடுவே பற்சக்கரப் பாதையில் ஏறும் மலை ரயிலின் எக்ஸ் வகை எஞ்சினில், நீராவி முதலில் சக்கரத்தைச் சுழற்றும் உயரழுத்த சிலிண்டரில் வேலை செய்துவிட்டு, மீதி இருக்கும் விசையோடு பற்சக்கரத்தைச் சுழற்றும் தாழ்வழுத்த சிலிண்டருக்குப் போகிறது. அதைவிட அவர் சொன்ன அடுத்த விஷயம் என்னைக் கவர்ந்தது: இறங்கும்போது அதே சிலிண்டர்கள் காற்றை இழுத்து அமுக்கி வண்டியைத் தடுத்துப் பிடிக்கின்றன. ஆக, மலையிறங்கும் நேரம் முழுக்க அந்த எஞ்சினே ஒரு கம்ப்ரசர். எங்கள் ஊரிலேயே மிகப் பெரியது அதுவாகத்தான் இருக்க வேண்டும். இரட்டை நிலைப் பம்பு என் பட்டறைக்குக் கனமும் விலையும் அதிகம் என்பதால் விட்டுவிட்டேன்.

பம்பைவிட அதிகம் யோசிக்க வைத்தது ஒயர். ஒற்றைக் கட்ட 2 ஹெச்பி மோட்டார் ஓடும்போது 10, 12 ஆம்பியர் இழுக்கும். கிளம்பும் நொடியில் அதுபோல் நான்கைந்து மடங்கு. வீட்டு மீட்டரிலிருந்து பட்டறைக்கு 30 மீட்டர். பழைய 1.5 சதுர மி.மீ. ஒயரில் 50 ஆம்பியர் பாய்ந்தால் வழியிலேயே 36 வோல்ட் போய்விடும். மோட்டாரின் கிளம்பு விசை வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 230 வோல்ட் 194 ஆனால் விசையில் முப்பது சதவீதம் காலி. மார்கழிக் காலையில் பம்பு ஆயிலும் தேன் பதத்தில் இருக்கும். மோட்டார் உறுமிக்கொண்டு நிற்கும், கெபாசிட்டர் வெடிக்கும், பழி மோட்டார் மேல் விழும். 4 சதுர மி.மீ. தாமிர ஒயர் இழுத்தால் இழப்பு 14 வோல்ட்டுக்கு வருகிறது. இதற்குத் தனி பிரேக்கர், ஒழுங்கான எர்த். குளிர்காலத்துக்கு ஒரு படி இளகிய கம்ப்ரசர் ஆயில், பம்பு செய்தவர் அனுமதித்தால். என்ஜின் ஆயிலை ஊற்றும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். வால்வில் கரி பிடிப்பதில் பாதி அதனால்தான்.

டேங்கையும் கொஞ்சம் பெரிதாக்கினேன். இத்தனை திட்டிய பிறகு இதைச் சொல்வது வேடிக்கையாக இருக்கலாம். பம்பு பெரிதானால் டேங்கும் கொஞ்சம் வளர வேண்டும், இல்லாவிட்டால் மோட்டார் நின்று நின்று கிளம்பும். பழைய டேங்க் வாங்கினால் உள்ளே துரு எவ்வளவு என்று வெளியிலிருந்து தெரியாது. காற்றால் சோதிக்கக் கூடாது, தண்ணீரால் சோதிக்க வேண்டும். தண்ணீர் அமுங்காது, டேங்க் கிழிந்தாலும் பீறிட்டு நின்றுவிடும், காற்று நிரம்பிய டேங்க் கிழிந்தால் கூரையோடு போகும். சமையல் எரிவாயு சிலிண்டரில் நிப்பிள் வைத்துப் பற்றவைத்து டேங்க் ஆக்குகிறவர்களின் கெட்டிக்காரத்தனத்தைப் பாராட்ட எனக்கு வாய் வரவில்லை. சுவரோரமாகக் காற்றைக் கொண்டுபோகப் பிவிசி குழாய் போடுவதும் அதே ரகம்; உடைந்தால் கண்ணாடி போலத் துண்டு துண்டாகப் பறக்கும். ஜிஐ குழாய் போட்டேன்.

அந்தக் குழாயைக் கொஞ்சம் சரிவாகப் போட்டு, தாழ்ந்த முனையில் வடிகுழாய் வைத்ததில் வேறொரு லாபமும் வந்தது. பனிமூட்டம் அடைக்கும் ஊரில் டேங்கில் தண்ணீர் நிறையச் சேரும் என்று பலர் நினைக்கிறார்கள். கணக்கு வேறு. 15 டிகிரியில் முழுக்க ஈரமான காற்றில்கூடக் கன மீட்டருக்கு 13 கிராம் தண்ணீர்தான் இருக்க முடியும். சென்னையின் 30 டிகிரிப் புழுக்கத்தில் இருப்பது 20 கிராமுக்கு மேல். தண்ணீரில் நாம் குறைவு. சுவரின் குளிர்ச்சி வேறு நமக்குச் சாதகம், கன்னுக்கு வருவதற்கு முன்பே ஈரம் குழாயிலேயே படிந்து வடிந்துவிடுகிறது. மூட்டம் கெடுப்பது கம்ப்ரசரை அல்ல, மரத்தை. மூட்டம் உள்ளே வரும் நாளில் என்சி லேக்கர் என்ற மரப்பூச்சை அடித்தால், கரைப்பான் ஆவியாகிப் பரப்பு குளிர்ந்து, ஈரம் படிந்து, பூச்சு வெள்ளை பூத்துவிடும். எத்தனை சிஎஃப்எம் இருந்தாலும் அதற்கு மருந்தில்லை. கதவைச் சாத்திவிட்டுப் பிரம்பு பின்ன உட்காரலாம்.

இப்போது ஓர் அலமாரிக் கதவை மேலிருந்து கீழ்வரை ஒரே அழுத்தத்தில் முடிக்க முடிகிறது. காற்றில் ஓடும் சாண்டர் வாங்குங்கள், இனி உங்கள் கம்ப்ரசர் தாங்கும் என்று பார்க்கிறவர்கள் சொல்கிறார்கள். தாங்காது. அது 8லிருந்து 12 சிஎஃப்எம் வரை விடாமல் குடிக்கும் கருவி. அதை ஓட்ட எனக்கு இதைப்போல் இரண்டு கம்ப்ரசர் வேண்டும், மும்முனை இணைப்பு வேண்டும், பக்கத்து வீட்டு அக்காவின் பொறுமையும் இப்போது இருப்பதைப்போல் இரண்டு மடங்கு வேண்டும். 300 வாட் மின்சார சாண்டர் அதே மரத்தை அதே வழவழப்புக்குத் தேய்க்கிறது. அதற்குக் குன்னூரும் மேட்டுப்பாளையமும் ஒன்றுதான்.